ஜீர்ணோத்தாரணம்

ராஜ்தூத் 350 என்ற மோட்டார் சைக்கிளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 பி மாதிரியை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இங்கே கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டோடு உற்பத்தியும் முடிந்துபோயிற்று. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சி.சி., ஆறு கியர். முதலில் வந்த மாதிரியின் சக்தி 30.5 குதிரைத்திறன். அதே காலத்துப் புல்லட் 346 சி.சி.; அதன் சக்தி 18. கொள்ளளவில் ஒரு சி.சி. வித்தியாசம், சக்தியில் ஒன்றரை மடங்குக்கும் மேல். என் வண்டியைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் இதை வேறு மாதிரி சொன்னார்: "படி ஒண்ணுதான் சார். ஒண்ணுல பாலு, ஒண்ணுல சாராயம்."

அமெரிக்காவில் மஸில் கார் என்று ஒரு வகை உண்டு. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வோடு அதன் சரித்திரம் தொடங்குவதாகச் சொல்வார்கள். நடுத்தர அளவுள்ள குடும்பக் கார் ஒன்றின் உடம்பில், பெரிய காருக்கான 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். இளைஞர்களுக்கு எட்டுகிற விலை. பத்து வருஷம் அது தாக்குப்பிடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாயிற்று. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றபோது அந்தக் கார்கள் அசட்டுத்தனமாகத் தெரிந்தன. அன்று அதிகம் விலைபோகாத காரணத்தாலேயே அவற்றில் சில இன்று அபூர்வம். 1971-ல் பிளிமத் கம்பெனி ஹெமி எஞ்சின் வைத்த திறந்த கூரை பாராகுடா கார்களில் பதினொன்றைத்தான் செய்தது. அவற்றில் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய ஏலங்களில் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் எண்களைப் பார்க்கிறார்கள். சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணும் எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணும் பிறக்கும்போதே சேர்ந்திருந்த ஜோடிதானா என்பது அங்கே பெரிய விஷயம். ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை.

நமக்கு இத்தகைய கார்களின் சரித்திரம் கிடையாது. இருந்த அமெரிக்கக் கார்கள் ஸ்டூடியோ முதலாளிகளிடமும் ஜமீன்களிடமும் இருந்தன. பிறகு பல டாக்ஸிகளாகி, டீசல் எஞ்சின் மாற்றப்பட்டு, தேய்ந்து போயின. மஸில் காருக்கு அருகில் வரக்கூடியது இங்கே ராஜ்தூத் 350 மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் நெருக்கடிக்குப் பத்து வருஷம் கழித்து, லிட்டருக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு வண்டியைத் தொடுகிற ஒரு தேசத்துக்கு அது வந்து சேர்ந்தது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 லிட்டருக்கு எண்பது என்ற விளம்பரத்தோடு வந்தபோது கதை முடிந்தது. அதே ஆண்டு வாக்கில் எஸ்கார்ட்ஸ் வண்டியின் சக்தியைக் குறைத்து இன்னொரு மாதிரியை வெளியிட்டது. முதலாவது ஹெச்.டி., அதாவது ஹை டார்க். இரண்டாவது எல்.டி., லோ டார்க்; 27 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழே. நான் வாங்கியது 1987-ம் ஆண்டின் எல்.டி.

வாங்கிய இடம் வடகால். வல்லம் ஒரு ஊர், வடகால் ஒரு ஊர். இரண்டையும் சேர்த்துத் தொழிற்பேட்டைக்கு வல்லம் வடகால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், மறு பக்கம் வல்லக்கோட்டை முருகன். நடுவே ஏரிகளும் தகரக் கூரைகளும். யமஹா ஆலை இங்கே 2015-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரில் 1955-ல் ஆரம்பித்து, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அது. கால் என்றால் வாய்க்கால். பழந்தமிழில் காற்றுக்கும் அந்தப் பெயர், தேரின் சக்கரத்துக்கும் அந்தப் பெயர். ஊருக்குப் பெயரிட்டவன் வாய்க்காலைத்தான் நினைத்திருப்பான். இன்று அங்கே நிற்கிறவனுக்குச் சக்கரம் என்ற அர்த்தம்தான் முதலில் தோன்றும்.

இந்தப் பகுதியில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளுவதோ கொள்ளுவதோ என் வேலை. வேலை முடிந்து டீ குடிக்கும் இடத்தில் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வட மாநிலத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வரிசை அறைகளுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையாக இருந்த ஒரு சாய்ப்பில் அது நின்றது. மாடு இல்லை. சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், வந்த பணத்தில் இந்த அறைகளைக் கட்டியிருந்தார். ஆர்.சி. புத்தகத்தில் அவருக்கு முன்னால் இரண்டு பெயர்கள், இரண்டும் சென்னை விலாசம். எண்கள் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போயின. இவர் தொண்ணூறுகளின் நடுவில் வாங்கியிருக்கிறார். அந்த வண்டியைச் சீந்துவாரில்லாத காலம். பால் ஊற்றுவதற்காக வாங்கியதாகச் சொன்னார்.

"பாலுக்கா? இந்த வண்டியா?" என்றேன்.

"சுமை இழுக்கும் தம்பி. நாலு கேன் கட்டினாலும் மேட்டுல திணறாது. பெட்ரோல்தான் குடிக்கும். அதுக்கும் ஒரு வழி பண்ணி வெச்சேன்."

அந்த வழி என்ன என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு கார்புரேட்டர்களிலும் ஜெட்டின் துவாரத்துக்குள் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றைச் செருகியிருந்தார். துவாரம் குறுகினால் பெட்ரோல் குறையும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து குளிர்ச்சியும் குறையும். பிஸ்டன் சூடேறி சிலிண்டர் சுவரை உரசும். இரண்டு பிஸ்டன்களிலும் நெடுக்காகக் கீறல்கள் இருந்தன. பின் சக்கரத்துக்கு இரு பக்கமும், சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்த இரும்புக் கொக்கிகள் இரண்டு இருந்தன. பால் கேன் மாட்டுவதற்கு. கேன் உரசி உரசிக் கொக்கியின் உள் வளைவு மட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்றிருந்தது. வண்டியில் துரு ஏறாத இரும்பு அது ஒன்றுதான்.

மெக்கானிக் ஒரகடத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒற்றைக் கதவு போட்ட கடை வைத்திருப்பவர். அறுபதுக்கு மேல் வயது. அண்ணே என்று நான் கூப்பிடுவதும் சார் என்று அவர் கூப்பிடுவதும் கடைசி வரை மாறவில்லை. வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஓட்றதுக்கா, வெச்சிப் பாக்கறதுக்கா?" ஓட்டுவதற்கு என்றேன். சரி என்று கொக்கியைக் காட்டி, "மொதல்ல இத அறுத்துடலாம்" என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவாக இல்லை.

செப்பனிடுதல் என்ற காரியத்துக்குத் தமிழில் இரண்டு பழைய முன்மாதிரிகள் உண்டு. ஒன்று கோயில் திருப்பணி. ஜீர்ணித்ததை உத்தாரணம் செய்வது. அதன் நோக்கம் தெய்வ சாந்நித்யம், சரித்திரம் அல்ல. தெய்வம் குடியிருக்கத் தகுந்த புதுமை அதற்குத் தேவை. எனவே பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு பூசுவதிலோ, தூணுக்கு எனாமல் அடிப்பதிலோ அதற்குக் கூச்சமில்லை. மணலைக் காற்றழுத்தத்தில் வீசிக் கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கிப் போன கோயில்கள் நம்மிடம் இருக்கின்றன.

இன்னொன்று சுவடிப் பதிப்பு. உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சிட்டபோது, சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பவில்லை. அவருக்கு அது முடியாத காரியமல்ல. அந்த நூலில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவே இல்லை. எண்கள் மட்டும் நிற்கின்றன. இல்லாததை இல்லாததாகவே நம் கைக்குக் கொடுப்பதும் ஒரு பதிப்பாசிரியனின் வேலை என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம்.

இந்த இரண்டு மனோபாவங்களும் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டத்தின் மேல் மோதிக்கொள்வதை நான் நேரில் பார்த்தேன். சட்டத்தைப் பெயின்டுக்கு முன் மணல் வீச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கோயில் கல்லுக்குச் செய்கிற அதே காரியம், அதே கருவி. சேசிஸ் எண் ஹேண்டில் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெக்கானிக் அந்த இடத்தில் கிரீஸை அப்பி, மேலே ரப்பர் ஷீட் வைத்து, டேப்பால் ஐந்தாறு சுற்றுச் சுற்றினார். "இது போச்சுன்னா வண்டி அநாதை சார்" என்றார். எண் தப்பித்தது. ஆனால் மற்ற எல்லாம் போயிற்று. மேலே கறுப்பு, அதற்கடியில் யாரோ தூரிகையால் அடித்த நீலம், அதற்கும் அடியில் ஆலையிலிருந்து வந்த வர்ணம் என்று மூன்று அடுக்கு இருந்தது. மூன்று சொந்தக்காரர்களின் மூன்று ரசனைகள். அரை மணி நேரத்தில் சாம்பல் நிற இரும்பாகத் திரும்பி வந்தது. பாதுகாக்கத் தகுந்தது எண் மட்டுமே என்ற தீர்மானத்தை எடுத்தது யார்? போக்குவரத்து அலுவலகம். சட்டத்துக்கு எண்தான் வண்டி.

சட்டம் காலத்தைக் கணக்கிடும் விதமும் கவனிக்கத்தக்கது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு நிறைந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிக்கு விண்டேஜ் என்ற அந்தஸ்தும் தனி வரிசை எண்ணும் கிடைக்கும். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. என் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2037-ல். அது வரைக்கும் அது வெறும் பழைய வண்டி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக்கினார்கள். வயதானதற்கு முதலில் அபராதம், இன்னும் வயதானால் கௌரவம். நம் எழுத்தாளர்களுக்கும் அநேகமாக இந்த விதிகளே அமலில் இருக்கின்றன.

பாகங்களுக்காக ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தேன். பட்டறைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது யமஹா ஆலை. அந்த எஞ்சினை வடிவமைத்த கம்பெனி. அங்கே இந்த வண்டிக்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது, நியாயமும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கைப் புகை விதிகள் 1990-களிலிருந்து படிப்படியாக ஒழித்துக்கட்டின. அது சரியான காரியமும்தான். பெட்ரோலோடு எண்ணெயையும் எரித்து, எரியாத பாதியை வெளியே துப்புகிற யந்திரம் அது. அதன் புகையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. வலது பக்க கிராங்க் ஆயில் சீல் கெட்டிப்பட்டுப் போனதால் கியர் பெட்டி எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சி வெள்ளையாகப் புகைத்துக்கொண்டிருந்தது. சீல் மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்தோம். கிராங்கைப் பிரஸ்ஸில் கழற்றி பேரிங் மாற்றி நேர் பார்த்தது. லேத்தில் சிலிண்டர் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டது. இவையெல்லாம் நான்கு மாதங்கள்.

மெக்கானிக்குக்கும் எனக்கும் உண்மையான தகராறு சிலிண்டரில் வந்தது. எல்.டி.யை ஹெச்.டி. ஆக்கிவிடலாம் என்றார் அவர். வெளியேற்றத் துவாரத்தைச் சற்று உயர்த்தி அராவி, சைலன்சரை மாற்றி, ஜெட்டை மாற்றினால் போதும். "கம்பெனிக்காரன் பயந்து கொறச்சான். நம்ம ஏன் பயப்படணும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகவே பட்டது. ஹெச்.டி. என்று சொல்லி விற்கப்படுகிற வண்டிகளில் பல இப்படி ஆனவைதான். அதுவே அசல், எல்.டி. அதன் நீர்த்துப்போன பிரதி என்று பழைய வண்டிப் பிரியர்கள் நம்புகிறார்கள்.

ஆனால் ஹெச்.டி.யே நீர்த்துப்போன பிரதிதான். யமஹாவின் மூலத்தில் 39 குதிரைத்திறன் என்று கணக்கு. மூலத்தின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே அதற்குப் பதில் டிரம் வைத்தார்கள். வேகத்தை இறக்குமதி செய்தவர்கள் அதை நிறுத்தும் திறனை முழுவதுமாக இறக்குமதி செய்யவில்லை. இந்த வண்டியில் அடிபட்டவர்கள் பலர் என்று மெக்கானிக்கே சொல்வார். அசலை நோக்கித் திரும்புவதென்றால் எந்த அசலுக்கு? ஜப்பானுக்கா, 1983-க்கா, 1987-க்கா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய பிறகு புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று பண்டிதர்கள் சொன்னார்கள். அதை எதிர்த்தவர்களில் ஒரு சாரார், இல்லை, இதற்கு இங்கேயே மூலம் இருக்கிறது என்று சங்கப் பாடல்களைக் காட்டினார்கள். இன்னொரு சாரார், ஆமாம் இறக்குமதிதான், ஆனால் மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்று நொந்துகொண்டார்கள். மூன்று தரப்பும் பார்க்கத் தவறியது, வந்த வடிவம் இந்த ஊர் மண்ணில் என்ன பாடுபட்டது என்பதை. குறைக்கப்பட்ட சக்தி, மாற்றி வைத்த பிரேக், ஜெட்டில் செருகிய செம்புக் கம்பி எல்லாம் அந்தப் பாடுதான். இங்கே ஒரு வடிவம் வாழ்ந்ததற்கான தடயம் அங்கேதான் இருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்கிறவன் அதைத் தழும்பு என்று சொல்லி அராவிவிடுகிறான். எல்.டி. பயத்தில் பிறந்தது என்று மெக்கானிக் சொன்னது சரி. அந்தப் பயம் 1980-களின் இந்தியாவினுடையது. அதை அராவி எடுக்க எனக்கு அதிகாரமில்லை என்று நினைத்தேன். சிலிண்டர் எல்.டி.யாகவே இருக்கட்டும் என்றேன். அவருக்கு வருத்தம். இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை.

செம்புக் கம்பியை எடுத்துவிட்டோம். இதை முரண்பாடு என்று சொல்லலாம். கம்பி எஞ்சினைக் கொல்லும். கொக்கி யாரையும் கொல்லாது. ஓட்டுவதற்கா, வைத்துப் பார்ப்பதற்கா என்று அவர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு இருந்த கனம் எனக்கு இங்கே புரிந்தது. சுவடியைப் பதிப்பிக்கிறவன் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போவதில்லை.

டைமிங் வைத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வர 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட்; ஒன்று தப்பினாலும் எஞ்சின் இரண்டு குரலில் பேசும். மெக்கானிக்கின் மகன் இங்கே ஓர் ஆலையில் அசெம்பிளி லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் முடுக்குகிற நட்டு சரியான இறுக்கத்துக்கு வந்ததும் கருவி தானே நின்றுவிடும். அவன் கைக்கு அங்கே அபிப்பிராயம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவன், நான் பட்டறையிலிருந்து இரவல் கொண்டுவந்திருந்த டயல் கேஜை ஸ்பார்க் பிளக் துவாரத்தில் பொருத்தி, பத்து நிமிஷத்தில் இரண்டு பக்கமும் வைத்து முடித்தான். நான் சரிபார்த்தேன். பிசகில்லை. எஞ்சினை உதைத்தார்கள். மெக்கானிக் சைலன்சர் இரண்டுக்கும் பின்னால் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் புகைக்குக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து இடது பக்கத் தகட்டை மயிரிழை நகர்த்தினார். "இப்பக் கேளு" என்றார் மகனிடம். அவன் கேட்டான். "ஒரே மாதிரிதான்பா இருக்கு" என்றான்.

எனக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. அளப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். நகர்த்திய பின் கேஜ் காட்டிய அளவு புத்தக அளவிலிருந்து சற்று விலகியிருந்தது. என் மேஜையில் வந்திருந்தால் தள்ளியிருப்பேன். அவர் சொன்ன காரணம், கிராங்க் தேய்ந்த எஞ்சினில் புத்தகத்து அளவு ஓடும்போது நிற்காது, கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும் என்பது. இருக்கலாம். கிராங்கை அப்போதுதான் பேரிங் மாற்றிப் பூட்டியிருந்தோம் என்பதும் உண்மை. அவர் காதை நம்புவதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. அவர் வைத்தபடியே விட்டுவிட்டேன். என்னை உறுத்துவது வேறு. அந்தக் காது சரியானதென்றே வைத்துக்கொண்டாலும், அதை வாங்கிக்கொள்ள மகனுக்கு ஒரு காரணமும் இல்லை. பாயிண்ட் வைத்த எஞ்சினை உலகத்தில் யாரும் அவனிடம் கொண்டுவரப் போவதில்லை. சுவடி இருந்தால் இரண்டு எண்களையாவது காலியாக விட்டு அச்சடிக்கலாம். கேட்கும் திறமைக்குக் காலி இடம்கூட மிஞ்சுவதில்லை.

பெயின்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் கொக்கியைப் பற்றி முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெரியவர் தாமாகவே கடைக்கு வந்தார். நிர்வாணமாக நின்ற சட்டத்தைப் பார்த்து, எலும்பு நல்லாருக்கு என்றார். கொக்கியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வல்லத்தில் யாரிடம் வெல்டு வைத்தார், எவ்வளவு கொடுத்தார் என்றெல்லாம் நினைவிருந்தது. "இத அறுத்துடுங்க தம்பி. கடை வெச்ச வண்டி மாதிரி இருக்கு. பழசுபோலப் பண்றவங்க இத வெப்பாங்களா?" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவருடைய இருபது வருஷத்தை அவருக்காக நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. பால் ஊற்றிய காலத்தை அவர் பெருமையாக நினைக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஓடிய காலம் அது. வாடகை வாங்குகிற இன்றைய நாள் அவருக்குச் சௌகரியம். நிலத்தை இழந்தவனின் சோகம் என்று நாம் எழுதிப் பழகிய ஒன்றை அவர் முகத்தில் தேடினால் கிடைக்காது; கிடைக்காததால் அது இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

வலது கொக்கியை அறுக்கச் சொன்னேன். அது சைலன்சரின் மேல் இடித்துக்கொண்டிருந்தது. கழற்றி மாட்ட வழியில்லை. இடது கொக்கியை விட்டுவிட்டேன். பெயின்டர் அதற்கும் சேர்த்துக் கறுப்பு அடித்துவிட்டார். உள் வளைவின் பளபளப்பு போயிற்று. சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சுரண்டினால் வருவது என் பளபளப்பு, பால் கேனுடையதாக இராது. விட்டுவிட்டேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. லிட்டருக்கு இருபத்திரண்டு. முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாட்டித் தருவதாக மெக்கானிக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்திலாவது தம் பேச்சைக் கேட்கும்படி. மழையில் டிரம் சரியாகப் பிடிப்பதில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆறாவது கியரை நான் இதுவரை போட்டதில்லை.